நெஞ்சு படபடக்குது, ஈ.சி.ஜி. நார்மல். அப்புறம் என்ன?

செஞ்சிக்குப் பக்கத்துல, வல்லத்துல இருந்து பேசறேன். இன்னைக்கு விஷயம் பதற்றம். பரீட்சைக்கு முன்னாடி வர்றதைச் சொல்லல, பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கு வர்றதையும் சொல்லல. காரணம் முடிஞ்சு போன பிறகும் போகாம, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா உடம்போடயே தங்கிடற பயத்தைச் சொல்றேன். அது தூக்கத்தைக் கெடுக்கும், சாப்பாட்டைக் கெடுக்கும். "எனக்கு என்னமோ ஆகப்போகுது"ங்கிற ஒரே நினைப்புல ஆளை நிறுத்தி வெச்சிடும்.

இதைப் பொதுவா சொன்னா மனசுல நிக்காது. அதனால ஒரு அக்காவைக் கற்பனை பண்ணிக்குவோம். ஆள் கற்பனைதான், ஆனா அவங்களுக்கு நடக்கிறது எதுவுமே கற்பனை இல்ல.

வயசு முப்பத்தஞ்சு. வீட்டுக்காரருக்குச் சென்னையில கட்டட வேலை. ரெண்டு புள்ளைங்க, மாமியார், ஒரு ஏக்கர் மல்லாட்டை, மேல நகைக்கடன். ஒரு நாள் காலையில வெறும் டீயைக் குடிச்சிட்டு திண்டிவனம் பஸ் ஏறுறாங்க. நல்ல கூட்டம், உட்கார இடமில்ல, புழுக்கம். பாதி வழியில நெஞ்சு திடீர்னு அடிச்சுக்க ஆரம்பிக்குது. மூச்சு பத்தல. உள்ளங்கை வேர்க்குது. விரல் நுனி மரத்துப் போகுது, உதட்டைச் சுத்தி சுருசுருங்குது, கண்ணை இருட்டிக்கிட்டு வருது. செத்துடப் போறோம்னு நிச்சயமா தோணுது. "நிறுத்துங்கண்ணா"ன்னு கண்டக்டர்கிட்ட கத்தி, நடுவழியில இறங்கிடறாங்க. ஒரு புளியமரத்தடியில உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கிடுது.

இங்கதான் கவனிக்கணும். அவங்க மனசு உடனே ஒரு கணக்குப் போடுது: பஸ்ஸை விட்டு இறங்கினேன், அதனாலதான் பொழைச்சேன். உண்மை அது இல்ல. இறங்காம அப்படியே நின்னிருந்தாலும் அது அடங்கியிருக்கும். இதுக்கு பேனிக் அட்டாக்னு பேரு. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்தைத் தொட்டுட்டு, தானா இறங்கும். ஆனா அதைத் தெரிஞ்சுக்க அவங்களுக்கு வாய்ப்பே கிடைக்கல. அடங்கறதுக்கு முன்னாடியே இறங்கிட்டாங்க.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்புல நிக்கும்போதே விரல் மணிக்கட்டுக்குப் போகுது, நாடி பார்க்க. பார்த்தா அடிக்கத்தான் செய்யும், பயந்துகிட்டே பார்த்தா இன்னும் வேகமா அடிக்கும். சரி, பஸ் வேண்டாம், ஷேர் ஆட்டோ. அப்புறம் தனியா வேண்டாம், மாமியார் கூட வரணும். அப்புறம் சந்தை வேண்டாம், கல்யாண வீடு வேண்டாம், கோயில் கூட்டம் வேண்டாம். இப்படியே போனா ஒரு வருஷத்துல அவங்களுக்கு மிஞ்சுறது வீடும் வாசலும்தான்.

இதுக்கு நடுவுல வைத்தியமும் நடக்குது. ஈ.சி.ஜி. எடுக்கறாங்க, நார்மல். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்க்கறாங்க, நார்மல். இந்தப் பரிசோதனைகள் தேவைதான். தைராய்டு அதிகமா சுரந்தாலும், ரத்தம் குறைவா இருந்தாலும், இதயத் துடிப்புல நிஜமாவே கோளாறு இருந்தாலும் இதே மாதிரி படபடக்கும். அதனால முதல்தடவை வந்தா கட்டாயம் டாக்டரைப் பாருங்க. நெஞ்சுல அழுத்தற வலி வந்து, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவினா பதற்றமா இருக்கும்னு நினைச்சு வீட்டுல உட்கார்ந்திருக்காதீங்க. சர்க்கரை, பி.பி. இருக்கறவங்க இதை ரெண்டு மடங்கு கவனமா எடுத்துக்கணும். உடனே ஆஸ்பத்திரி.

ஆனா எல்லாம் ஒரு தடவை ஒழுங்கா பார்த்து, சரியா இருக்குன்னு தெரிஞ்ச பிறகும், மாசம் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கறாங்களே, அதுதான் பிரச்சினை. ரிசல்ட் கையில வந்ததும் ரெண்டு நாள் நிம்மதி, மூணாவது நாள் "மிஷின் தப்பா காட்டியிருக்குமோ?" ஒவ்வொரு சோதனையும் "சோதிக்க வேண்டிய அளவுக்கு ஏதோ இருக்கு"ங்கிற பயத்தை இன்னும் கொஞ்சம் ஊட்டி வளர்க்குது. டாக்டரும் "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன், போங்க"ன்னு அனுப்பிடறார். அது எனக்கு வருத்தமா இருக்கு. இதயத்துல ஒண்ணுமில்லங்கிறது சரி. அந்த அக்காவுக்கு ஒண்ணுமில்லங்கிறது சரியில்ல. அவங்களுக்கு இருக்கறது பேர் உள்ள, சிகிச்சை உள்ள ஒரு நோய்.

(திரையில்: ராஜகிரிக் கோட்டைப் படிகள்)

இது நம்ம ராஜகிரி. 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த செஞ்சிக் கோட்டையோட பெரிய மலை. அடிவாரத்துல இருந்து உச்சி ஏறத்தாழ 800 அடி. பாதிப் படி ஏறினவங்களை நிறுத்திக் கேளுங்க. நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும், கால் நடுங்கும், சட்டை நனைஞ்சிருக்கும். பஸ்ல அந்த அக்காவுக்கு வந்ததுல பெரும்பகுதி இங்கேயும் இருக்கு. ஆனா யாரும் "சாகப்போறேன்"னு சொல்றதில்ல. ஏன்? படி ஏறினோம், அதனால அடிக்குதுன்னு காரணம் கையில இருக்கு. பஸ்ல காரணம் தெரியல. காரணம் தெரியாத படபடப்புக்கு மனசு தானா ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்குது, அதுவும் இருக்கறதுலேயே மோசமான காரணத்தை. 1986-ல டேவிட் கிளார்க்குங்கிற பிரிட்டிஷ் உளவியலாளர் பேனிக்குக்குச் சொன்ன விளக்கம் இதுதான். உடம்போட சாதாரண உணர்ச்சியை ஆபத்துன்னு தப்பா படிக்கறோம். அந்தப் பயம் அட்ரினலினைச் சுரக்க வைக்குது, அட்ரினலின் படபடப்பைக் கூட்டுது, கூடின படபடப்பு பயத்தைக் கூட்டுது.

விரல் மரத்துப் போச்சே, அது என்ன? பயத்துல வேகவேகமா மூச்சு விடறோம். ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையுது. அதனாலதான் சுருசுருப்பு, மரத்துப்போறது, தலைகிறுகிறுப்பு. மூச்சு பத்தலன்னு தோணும், ஆனா நிஜத்துல தேவைக்கு அதிகமா மூச்சு விட்டுக்கிட்டிருக்கோம். மயங்கி விழுந்துடுவோமோங்கிற பயமும் அப்படித்தான். மயக்கம் வர ரத்த அழுத்தம் விழணும். பேனிக்ல பொதுவா அது ஏறுது. ரத்தத்தைப் பார்த்தா, ஊசியைப் பார்த்தா மயங்கறவங்க உண்டு, அது வேற வகை.

சுவர்ல "நரம்புத் தளர்ச்சிக்கு நிரந்தரத் தீர்வு"ன்னு எழுதி, லாட்ஜ் ரூம் நம்பர் போட்டிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. எத்தனையோ இளவட்டப் பசங்க வெட்கத்துல யார்கிட்டயும் சொல்லாம அங்க போய்ப் பணத்தைக் கொட்டறாங்க. அவங்கள்ல பலருக்கு இருக்கறது இந்தப் பதற்றம்தான். நரம்பு எதுவும் தளரல. ஆபத்துல நம்மைக் காப்பாத்த வேண்டிய நரம்பு மண்டலம், ஆபத்தே இல்லாத இடத்துல முழு வேகத்துல வேலை செய்யுது. பழைய மருத்துவப் புத்தகங்கள்ல இதையெல்லாம் சேர்த்து நியூரோசிஸ்னு எழுதியிருப்பாங்க. 1980-ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்களோட நோய்ப் பட்டியல்ல இருந்து அந்த வகைப்பாட்டை எடுத்துட்டு, பேனிக், போபியா, ஓயாத கவலை, எண்ணச் சுழற்சின்னு தனித்தனியா பிரிச்சாங்க. நம்ம அக்காவுக்கு வந்தது பேனிக்.

இதுல இருந்து வெளிய வர்ற வழியை ரொம்ப எளிமையா சொன்னவங்கள்ல ஒருத்தர் ஆஸ்திரேலிய டாக்டர் கிளேர் வீக்ஸ். 1903-ல பிறந்தவர். இளம் வயசுல அவருக்குக் காசநோய்னு தப்பா சொல்லி சானிடோரியத்துல சேர்த்துட்டாங்க. அங்க தனியா படுத்துக்கிட்டு நெஞ்சுத் துடிப்பையே கவனிச்சுக் கவனிச்சு, காசநோய் இல்லன்னு வெளிய வந்த பிறகும் படபடப்பு நிக்கல. முதல் உலகப்போர்ல இருந்த ஒரு நண்பர்கிட்ட சொல்லி இருக்கார். பதுங்குகுழியில எங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நீ பயத்தைப் பார்த்துப் பயப்படறேன்னு அவர் சொல்லி இருக்கார். அந்தப் பேச்சு வீக்ஸோட வாழ்க்கையை மாத்துச்சு. பின்னால டாக்டராகி, 1962-ல இதைப் பத்திப் புத்தகம் எழுதினார்.

அவர் சொன்னது: பயம் ரெண்டு தடவை வருது. முதல் பயம் உடம்புல இருந்து தானா கிளம்பறது, அதை நிறுத்த முடியாது. ரெண்டாவது பயம் "ஐயோ, வந்துடுச்சே, இப்ப என்ன ஆகுமோ"ன்னு நாம சேர்க்கறது. நோயை ஓட்டிக்கிட்டிருக்கறது இந்த ரெண்டாவது பயம். அதனால அதோட சண்டை போடாதீங்க, ஓடாதீங்க, வரட்டும்னு விடுங்க, நாள் எடுக்கட்டும். கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். செய்ய ரொம்பக் கஷ்டம், அதையும் சொல்லிடறேன்.

இன்னைக்கு சி.பி.டி.ன்னு சொல்ற மனநலச் சிகிச்சை இதைப் படிப்படியா பழக்குது. நம்ம அக்காவுக்கு எப்படி இருக்கும்? முதல்ல வீட்டுலேயே வேணும்னே நெஞ்சைப் படபடக்க வைக்கணும். மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கி, உட்கார்ந்து, நாடியைத் தொடாம, அடங்கற வரைக்கும் இருக்கணும். அடங்கும். அடுத்து பஸ் ஸ்டாப்புல ஒரு பஸ்ஸை விட்டுட்டு நிக்கறது. அடுத்து கூட ஒருத்தரோட ஒரு ஸ்டாப். அடுத்து தனியா ஒரு ஸ்டாப். அப்புறம் செஞ்சி. அப்புறம் கூட்டம் இருக்கற நேரத்துல திண்டிவனம். ஒவ்வொரு படியிலும் பயம் வரும், வரணும். வந்து, தானா இறங்கறதை உடம்பு பார்க்கணும். பயம் இல்லாத நாளுக்காகக் காத்திருந்து பஸ் ஏறலாம்னு நினைச்சா அந்த நாள் வராது.

இன்னொண்ணு. கையில தண்ணி பாட்டில், பர்ஸ்ல மாத்திரை, விரல் போன்லயே இருக்கறது, ஜன்னல் ஓரம், படிக்கட்டுப் பக்கம். இந்தச் சின்னச் சின்ன ஏற்பாடுகளையும் மெல்ல மெல்ல விடணும். இல்லன்னா "பாட்டில் இருந்துச்சு, அதனால தப்பிச்சேன்"னு மனசு மறுபடியும் அதே கணக்கைப் போடும்.

மாத்திரை பத்தி. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி மருந்துகள் நிஜமாவே உதவும். ஆனா வேலை செய்ய சில வாரம் ஆகும். முதல் வாரத்துல படபடப்பு கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கும், அதைப் பார்த்துப் பலர் நிறுத்திடறாங்க. பழக்கமாயிடுமோன்னு பயப்படற மருந்து இது இல்ல. பழக்கமாகறது அல்பிரசோலம், குளோனசிபாம் வகை. அரை மணியில இதமா இருக்கும், அதுதான் அதுல இருக்கற ஆபத்து. பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கி வருஷக்கணக்கா போடாதீங்க. ஏற்கெனவே போடறவங்க திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

சரி, அந்த அக்கா ஏன் மனநல டாக்டர்கிட்ட போகல? "கீழ்ப்பாக்கம் கேஸ்"ங்கிற பேச்சு நம்ம ஊர்ல எவ்வளவு சாதாரணமா வருது பாருங்க. 1794-ல சென்னையில தொடங்கி இன்னைக்கு வரைக்கும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கைகொடுத்த ஒரு ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்துல இருக்கு. அந்த இடத்தோட பேரையே கேலியாக்கி வெச்சிருக்கோம். படத்துல சிரிச்சது போதும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நிறையப் பேர் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கறாங்க. 2015-16ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்கள்ல நடத்தின ஆய்வுல, பதற்றம், மனச்சோர்வு மாதிரி பரவலான மனநோய் உள்ளவங்கள்ல 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரலன்னு தெரிஞ்சுது. இன்னொரு பயத்தையும் தீர்த்துடறேன்: பதற்ற நோய் முத்திப் பைத்தியமாகறது கிடையாது. ரெண்டும் வேற வேற.

மாமியார் மேல்மலையனூர் போகலாம்னு சொல்வாங்க. அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துல அங்காளம்மா முன்னாடி நின்னா மனசு இறங்கும்னு எத்தனையோ பேர் நம்பறாங்க. அதைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தமிழ்நாட்டுல ஒரு முத்துசாமி கோயில்ல தங்கியிருந்த 31 நோயாளிகளைக் கவனிச்சு, 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. பெரும்பாலும் கடுமையான மனநோய் உள்ளவங்க. குடும்பத்தோட வந்து, சராசரியா ஆறு வாரம் தங்கி, சின்னச் சின்ன வேலை செஞ்சவங்களுக்கு நோய்க்குறி கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. ஆதரவான இடம், கூட ஆளு, திட்டாத சூழல், இதுக்கெல்லாம் பலம் உண்டு. ஆனா மலையனூர் போய்ட்டு வந்த பிறகும் பஸ் ஏற முடியலன்னா, அம்மாவைக் கும்பிட்டுக்கிட்டே டாக்டரையும் பாருங்க. ரெண்டுல ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணும்னு யாரும் சொல்லல.

எங்க போறது? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, பாண்டிச்சேரி ஜிப்மர்லயும் இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டர் குழு குறிப்பிட்ட நாள்கள்ல தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வரும். எந்த நாள்னு செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில கேளுங்க. வீட்டுல இருந்தே பேசணும்னா 14416. டெலி மானஸ், 2022 அக்டோபர்ல தொடங்கினது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். சாகலாம்னு தோணற அளவுக்குப் போயிருந்தா இந்த நிமிஷமே கூப்பிடுங்க, வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லுங்க.

கோவாவுல 2010-ல ஒரு பெரிய ஆய்வு வெளிவந்துச்சு. அரசு சுகாதார நிலையங்கள்ல, டாக்டர் அல்லாத உள்ளூர் ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுத்து, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஆலோசனை சொல்ல வெச்சாங்க. குணமானவங்க எண்ணிக்கை கூடுச்சு. வல்லம் ஒன்றியத்துல இருக்கற ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் அப்படி ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும். பி.பி. பார்க்கற மேஜைக்குப் பக்கத்துலயே. இதை நாம கேட்டு வாங்கணும்.

கடைசியா வீட்டுல இருக்கறவங்களுக்கு. அந்த அக்காவோட வீட்டுக்காரர் சென்னையில இருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி "இப்ப எப்படி இருக்கு, படபடக்குதா?"ன்னு கேட்பார். பாசத்துலதான் கேட்கறார். ஆனா ஒவ்வொரு கேள்வியும் அவங்க கவனத்தை மறுபடியும் நெஞ்சுக்கே இழுக்குது. "எல்லாம் உன் நினைப்புதான்"னு திட்டறதும் வேண்டாம், எங்க போனாலும் கூடவே போறதும் வேண்டாம். பஸ்ல இருந்து அவங்க கூப்பிட்டா இப்படிச் சொல்லுங்க: "வந்திருக்கா? சரி, வரட்டும். இறங்காத. செஞ்சி வந்ததும் பேசலாம்." போனை வெச்சிடுங்க. நடுவுல ஒரு வாரம் மறுபடியும் மோசமாகும், எல்லாருக்கும் ஆகும். அன்னைக்கும் அதே பஸ், அதே ஒரு ஸ்டாப்.