வேர்டு என்றால் எத்தனை பிட்?

தக்கலையில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் புதிதாக 64 பிட் விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கினார். சி டிரைவில் இடம் குறைந்ததும் விண்டோஸ் போல்டருக்குள் நுழைந்துவிட்டார். "நம்மது 64 பிட்டுதானடே, இந்த சிஸ்டம்32-ஐ அழிச்சிரட்டா?" என்று போனில் கேட்டார். தொடவே வேண்டாம் என்றேன்.

64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 போல்டருக்குள் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்வவ்64 போல்டரில்! எண்ணற்ற பழைய புரோகிராம்களின் கோடில் சிஸ்டம்32 என்ற பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கோடு அப்படியே பயன்பட வேண்டுமே என்று பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மாற்றினார்கள்.

வேர்டு என்ற சொல்லின் கதையும் இதுதான். (எம்.எஸ். வேர்டு அல்ல, பிராசசர் கையாளும் டேட்டாவின் அளவு.) 1978-ல் வந்த இன்டெல் 8086-ல் ஒரு வேர்டு 16 பிட். 1985-ல் வந்த 80386 32 பிட் பிராசசர். ஆனால் வேர்டின் அளவை மாற்றினால் ஏற்கெனவே எழுதிய கோடெல்லாம் குழம்பும். எனவே வேர்டு 16 பிட்டாகவே நின்றது. 32 பிட் 'டிவேர்டு' ஆனது, 64 பிட் 'க்யூவேர்டு' ஆனது. மொபைல் போனில் உள்ள ஏஆர்எம் பிராசசரிலோ வேர்டு என்றால் 32 பிட். நெல்லுக்கு விலை பேசுமுன் எந்த ஊர் மரக்கால் என்று கேட்பார்களாம், அதுபோல நாங்களும் எந்த பிராசசர் என்று கேட்டுக்கொள்வோம். இதற்காகவே சி மொழியின் 1999 தரத்தில் இன்ட்16_டி, இன்ட்32_டி என்று அளவையும் பெயரில் சேர்த்தார்கள். பலர் பகிரும் கோடில் நான் இவற்றைத்தான் எழுதுகிறேன்.

பழைய கோடை அளவு பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும்? 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. திசை காட்டும் சாஃப்ட்வேர் ஏரியன் 4-ல் நன்றாக ஓடியதுதான். அதில் ஓர் இடத்தில் 64 பிட் எண் ஒன்று 16 பிட்டாக மாற்றப்பட்டது. 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 32,767. புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம், எண் அடங்கவில்லை. மாற்றாக வைத்திருந்த கம்ப்யூட்டரிலும் அதே சாஃப்ட்வேர், அதே பிழை. நாற்பது நொடிக்குள் ராக்கெட் வெடித்தது, நான்கு செயற்கைக்கோள்களோடு. இத்தனைக்கும் அந்தக் கணக்கு கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லை! (சரிசெய்த ஏரியன் 5-ல்தான் 2000-ல் நம் இன்சாட்-3பி போனது.)

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ரைட் க்ளிக் செய்து 'நியூ' கொடுத்தால் டிவேர்டு (32 பிட்), க்யூவேர்டு (64 பிட்) இரண்டும் தெரியும். செய்முறைக் குறிப்பில் டிவேர்டு என்று இருந்தால், உங்களுடையது 64 பிட் விண்டோஸ் ஆனாலும் டிவேர்டையே தேர்ந்தெடுங்கள். அதைப் படிக்கும் புரோகிராம் எதிர்பார்ப்பது 32 பிட்டைத்தான்.