சட்டம் வந்த மறுநாள் தொடங்கும் வேலை

2007இல் தமிழ்நாடும் வியட்நாமும் ஏறக்குறைய ஒரே ஆணையைப் பிறப்பித்தன: இருசக்கர வாகனத்தில் போனால் ஹெல்மெட் கட்டாயம். இங்கே கொஞ்ச நாளில் பிடி தளர்ந்தது. 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியதாயிற்று. வியட்நாமில் செப்டம்பரில் தேசிய நெடுஞ்சாலைகள், டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளும் என்று படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். ஹெல்மெட்டை ‘ரைஸ் குக்கர்’ என்று கிண்டலடித்த ஊர் அது. சட்டத்துக்கு முன்பு பாதிப்பேர்கூட அதை அணியவில்லை. வந்தபின் அணிந்தவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். வியட்நாமியர் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று சொல்லி நழுவுவது சோம்பேறித்தனம். நாம் போக்குவரத்துப் போலீஸின் தலையில் கட்டிவிட்ட காரியத்தை, அங்கே அபராதத்தைப் பல மடங்கு கூட்டியதோடு நிறுத்தாமல், பொதுச் சுகாதாரத் திட்டம்போல எண்ணிப் பார்த்தும் நடத்தினார்கள். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

எத்தனை பேர் அபராதம் கட்டினார்கள் என்பது போலீஸின் கணக்கு. எத்தனை மண்டை உடையாமல் தப்பியது என்பதே சுகாதாரத் துறைக்கு வேண்டிய கணக்கு. வியட்நாமில் சட்டத்துக்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் 20 மருத்துவமனைகளின் பதிவுகளில் ஒப்பிட்டார்கள். சாலை விபத்தில் காயம்பட்டு வந்தவர்களிடையே தலைக்காய ஆபத்து 16 சதவீதமும் மரண ஆபத்து 18 சதவீதமும் குறைந்திருந்தன. ஹெல்மெட் போட்டவன் அசட்டுத் துணிச்சலில் வேகமாக ஓட்டுவான், ஆதாயம் அதில் கரைந்துவிடும் என்று வாதிடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அது நிஜமானால் இந்த எண்கள் இறங்கியிருக்கக் கூடாது.

ஆனாலும் ஓர் உறுத்தல். விபத்தில் சிக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டியின் மரண ஆபத்தை ஹெல்மெட் 42 சதவீதம் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் திரட்டி எட்டிய முடிவு. 18 எங்கே, 42 எங்கே? இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது என்பது சரி. மருத்துவமனைக்கு வந்தவர்களில் பாதசாரிகளும், முன்பே ஹெல்மெட் அணிந்துவந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அங்கே நடைமுறையில் ஓட்டைகளும் இருந்தன. முதலில் பலர் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஸ்ட்ராப்பைத் தொங்கவிட்டார்கள். முதல் மோதலிலேயே ஹெல்மெட் ஒரு பக்கம் பறக்கும், தலை தாரில் மோதும். சட்டம் ‘அணிய வேண்டும்’ என்றதே தவிர மாட்டுவதைப் பற்றி அழுத்திச் சொல்லவில்லை, பிற்பாடு திருத்தினார்கள். அடுத்து, தொப்பி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் ஹெல்மெட்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அடியைத் தாங்குவது வெளி ஓடு மட்டுமல்ல, உள்ளே நசுங்கிக்கொடுக்கும் தெர்மாகோல் அடுக்கும்தான். அது இல்லாதது போலீஸுக்குக் காட்டும் அடையாள அட்டை, அவ்வளவே. குழந்தைகள் விஷயத்தில், ஹெல்மெட்டின் கனத்தால் கழுத்து பாதிக்கப்படும் என்ற பயம் பெற்றோரிடம் பரவியிருந்தது; சிறுவர்களுக்கு அபராதம் விதிக்கவும் வழியில்லை. ஏற்றிச் செல்லும் பெரியவரே பொறுப்பு என்ற விதி 2010இல்தான் வந்தது. தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்ததால்தான் இவையெல்லாம் கண்ணில் பட்டன.

இங்கே சாலையில் பள்ளம், வளைவில் விளக்கில்லை, லாரி கண்டபடி நிற்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டு ஏழை ஓட்டியைப் பிடிப்பதா என்ற கேள்வி நியாயமானது. சாலையைத் திருத்தாத அரசு அபராதம் மட்டும் வசூலித்தால் ஜனங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஒன்று முடியும்வரை இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை. சாலை மாற ஆண்டுகள் ஆகும். ஸ்ட்ராப்பை மாட்ட சில நொடி போதும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 44 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கணிசமானவர்கள் பிழைத்திருப்பார்கள்.

அதே ஆண்டு தமிழ்நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 17,884 பேர். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் மாநில அரசே ஏற்கிறது. அடிபட்டபின் காப்பாற்றும் ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடு. பணம் கொடுக்கும் சுகாதாரத் துறைக்கே காரணத்தைத் தோண்டும் உரிமையும் கூடுதல். தலைக்காயத்தோடு வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் ஹெல்மெட் இருந்ததா, ஸ்ட்ராப் மாட்டியிருந்ததா, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, எந்த இடத்தில் விழுந்தார் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி, வாரந்தோறும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் நெடுஞ்சாலைப் பொறியாளருக்கும் அனுப்ப ஒரு எழுத்தர் போதும். ஊரெல்லாம் நின்று பிடிப்பதற்குப் பதிலாக எந்தச் சாலையில், எந்த நேரத்தில் நிற்பது என்று போலீஸுக்குத் தெரியும். எந்த வளைவை முதலில் சீராக்குவது என்று பொறியாளருக்கும் தெரியும்.