களைத்த கண்களும் சதுரங்கக் காய்களும்



அறுபத்து நான்கு கட்டங்களும் முப்பத்திரண்டு காய்களும் கொண்ட சதுரங்கம், அறிவுக்கு உரமூட்டும் விளையாட்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். முன்னாளில் இதனை ஆட வேண்டுமாயின் பலகை வேண்டும், காய்கள் வேண்டும், எதிரே அமர ஒருவரும் வேண்டும். இன்றோ கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் ஒரு மாணவன், கடல் கடந்த நாட்டில் இருக்கும் ஒருவரோடு இணையத்தின் வழி நள்ளிரவிலும் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

வசதி பெருகியது நன்றே. ஆயினும், எந்நேரமும் ஆடலாம் என்ற நிலை வந்ததனால், ஆடத் தகாத நேரத்திலும் ஆடும் பழக்கம் நம்மிடையே புகுந்துவிட்டது. உடல் களைத்து, உள்ளம் ஒருநிலைப்படாத வேளையில் இவ்விளையாட்டை ஆடினால் என்ன நேர்கிறது? அது ஏன் நேர்கிறது? நாம் செய்ய வேண்டுவது யாது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

உலகப் பட்டத்தை மாற்றிய ஒரு நகர்த்தல்

2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி தொடங்கியது. பட்டத்தை வைத்திருந்தவர் சீன நாட்டின் டிங் லிரென். அவரை எதிர்த்தவர் சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் குகேஷ். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஆளுக்கு ஆறரைப் புள்ளிகள் பெற்றுச் சமநிலையில் நின்றனர்.

டிசம்பர் 12ஆம் நாள் பதினான்காம் ஆட்டம் நடைபெற்றது. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்ததெனினும், சரியாக ஆடினால் அவ்வாட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும் என்றே பலரும் எண்ணினர். சுமார் நான்கு மணி நேரம் கடந்த நிலையில், 55ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையைத் தகாத கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுண்டன. அடுத்து மந்திரிகளும் வெட்டுண்டே தீர வேண்டிய நிலை வந்தது. அரசர்களும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சிய களத்தில், அந்த ஒரு சிப்பாயே வெற்றியைத் தீர்மானித்துவிட்டது. ஏழரைக்கு ஆறரை என்ற புள்ளிக் கணக்கில் குகேஷ் உலக வெற்றியாளரானார்.

டிங் லிரென் இத்தகைய முடிவாட்டத்தை அறியாதவர் அல்லர். நன்கு ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில் அதே நிலையை அவர்முன் வைத்திருந்தால், ஒரு நொடியில் அப்பிழையைக் கண்டிருப்பார். பல நாள் போராட்டமும், பல மணி நேரச் சிந்தனையும், குறைந்துகொண்டே வரும் கடிகார நேரமும் சேர்ந்து அழுத்தும்போது, அறிந்ததும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. இதுவே நாம் கவனிக்க வேண்டிய உண்மையாகும்.

களைப்பு மூளையை என்ன செய்கிறது?

சதுரங்கத்தில் ஒரு காயை நகர்த்துமுன் நம் மூளை பல பணிகளைச் செய்கிறது. எதிரி இப்போது எதற்காக நகர்த்தினார் என்று காண வேண்டும். நாம் நகர்த்தியபின் காய்கள் எங்கெங்கே நிற்கும் என்று மனக்கண்ணில் கொள்ள வேண்டும். அதற்கு அவர் தரும் மறுமொழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இவை அனைத்தையும் ஒரே வேளையில் நினைவில் தாங்கி நிற்பதற்குக் கவனம் என்னும் ஆற்றல் தேவைப்படுகிறது. களைப்பு வந்ததும் முதலில் தளர்வது இக்கவனமே. அப்போது மூளை சுருக்கு வழியைத் தேடுகிறது. நம் திட்டத்தை மட்டும் பார்க்கிறது. எதிரியின் திட்டத்தை விட்டுவிடுகிறது.

1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பதே அதன் முடிவு. விடியற்காலை 5 மணிக்கு எழுந்து வேலைக்குச் சென்ற ஒருவருக்கு, அந்தப் பதினேழாவது மணி இரவு 10 மணிக்கு நிறைகிறது. நம்மில் பலர் கைப்பேசியைக் கையில் எடுப்பதும் அந்நேரத்தில்தான் அன்றோ!

நோர்வே நாட்டின் மாவீரர் மேக்னஸ் கார்ல்சனும் இவ்விதிக்கு விலக்கல்லர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் இணையவழி நடைபெற்ற போட்டியொன்றில், சென்னையைச் சேர்ந்த 16 வயது பிரக்ஞானந்தா அவரை வென்றார். அப்போட்டியின்போது கார்ல்சன், கோவிட் நோயினால் உடலில் வலுவே இல்லையென்றும், சிந்திக்க முயலும்போதெல்லாம் தவறே நேர்கிறதென்றும் கூறினார். உலகின் முதல்வருக்கே இந்நிலை என்றால், நம் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

களைத்த நேரத்தில் எதிரியின் பிழையும் நம் கண்ணுக்குப் படுவதில்லை. 2014ஆம் ஆண்டு நவம்பரில் ரஷ்யாவின் சோச்சி நகரில் நடைபெற்ற உலகப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், கார்ல்சன் தம் 26ஆவது நகர்த்தலில் பெரும்பிழை செய்தார். எதிரே இருந்த விசுவநாதன் ஆனந்த் தம் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டத்தின் போக்கே மாறியிருக்கும். அவரோ முன்பே எண்ணியிருந்தபடி ஓரச் சிப்பாயை நகர்த்திவிட்டார்; ஆட்டத்தையும் இழந்தார். மனம் ஒரு தடத்தில் ஓடத் தொடங்கிவிட்டால், வாயிலில் வந்து நிற்கும் வாய்ப்பையும் காணாது என்பதற்கு இது சான்று.

'இன்னும் ஓர் ஆட்டம்' என்னும் வலை

பலகையில் ஆடும்போது தோற்றவர் காய்களை மீண்டும் அடுக்க வேண்டும். அச்சிறு இடைவெளியில் மனம் அமைதி பெறும். இணையத்தில் அந்த இடைவெளி இல்லை. தோற்ற மறுநொடியே அடுத்த எதிரி ஆயத்தமாக நிற்கிறார். 3 நிமிடம், 5 நிமிடம் என்று கடிகாரமும் விரட்டுகிறது. இழந்த தரப்புள்ளியை மீட்டுவிட்டே உறங்குவேன் என்று மாணவன் பிடிவாதம் கொள்கிறான். ஒவ்வோர் ஆட்டத்திலும் களைப்புக் கூடுகிறது. களைப்புக் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. பிழை கூடினால் சினம் பிறக்கிறது.

தரப்புள்ளி குறைவது பெரிய இழப்பன்று. அது மறுவாரமே ஏறக்கூடியது. பார்க்காமல் நகர்த்தும் பழக்கம் கையில் ஊறிவிடுவதே உண்மையான இழப்பு. நாள்தோறும் எதைச் செய்கிறோமோ அதுவே பயிற்சியாகிறது. இரவில் அவசரத்தைப் பயின்றவன், பகலில் பள்ளிப் போட்டியில் நிதானத்தை எங்கிருந்து பெறுவான்? கணக்குப் பாடத்திலும் அதே அவசரமன்றோ தலைகாட்டும்!

இருவகை ஆட்டம்

அவ்வாறாயின் களைத்தவர் சதுரங்கத்தைத் தொடவே கூடாதா? அப்படியன்று. இளைப்பாறும் ஆட்டம் வேறு. பயிலும் ஆட்டம் வேறு. செம்பனைத் தோட்டத்திலோ ஆலையிலோ உழைத்துத் திரும்பிய தந்தை, வேலைச் சுமையை மறக்க ஓர் ஆட்டம் ஆடுவதில் குற்றமில்லை. அதனை இளைப்பாறும் ஆட்டம் என்று அறிந்து ஆட வேண்டும். வெற்றி தோல்வியை மனத்தில் ஏற்றக்கூடாது. அதற்கென்றே தரப்புள்ளி சேராத ஆட்டங்கள் இணையத்தில் உள்ளன. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளோ பல நாளோ அவகாசம் தரும் ஆட்டங்களும் உள்ளன. களைப்பாயிருக்கும் நாளில் பலகையை மூடி வைத்துவிட்டு, மறுநாள் தெளிந்த மனத்தோடு நகர்த்தலாம்.

மாணவர்களுக்குச் சில நெறிகளைக் கூறுவோம்.

1. நகர்த்துமுன், 'எதிரியின் கடைசி நகர்த்தல் எதைத் தாக்குகிறது?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வினாவைக் கேட்கவும் பொறுமை இல்லையெனில், அன்று ஆட வேண்டாம்.

2. அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் தோற்றால் கைப்பேசியைக் கீழே வையுங்கள். எழுந்து தண்ணீர் அருந்துங்கள்.

3. 3 நிமிட ஆட்டங்கள் பலவற்றைவிட, 15 நிமிட ஆட்டம் ஒன்றே மேல். முடிந்தபின் எங்கே தவறினோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உறங்கும் நேரம் வந்ததும், வென்றாலும் தோற்றாலும் நிறுத்திவிடுங்கள்.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உறக்கவியல் மருத்துவர்களின் அறிவுரை. காலை 6 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு 9 மணிக்குள் படுக்கைக்குச் செல்ல வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பெற்றோர்களே! பிள்ளை ஆடுவது சதுரங்கம்தானே, அறிவு விளையாட்டுத்தானே என்று இரவு முழுதும் விட்டுவிடாதீர்கள். அதற்காகக் கைப்பேசியைப் பிடுங்கி வைத்து வசைபாடவும் வேண்டா. இரவு வேலை இல்லாத நாளில், மாலைப் பொழுதில் ஒரு பலகையை விரித்துப் பிள்ளையோடு எதிரே அமருங்கள். ஆடத் தெரியாவிட்டால் பிள்ளையிடமே கற்றுக்கொள்ளுங்கள். கற்பிக்கும் பிள்ளை, தான் கற்றதை இருமடங்கு தெளிவாக அறிந்துகொள்ளும்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. ஒரு நகர்த்தலுக்கு முன் நின்று சிந்திக்கப் பழகியவன், வாழ்வின் எந்தச் செயலுக்கும் முன் நின்று சிந்திப்பான். மாணவச் செல்வங்களே! தெளிந்த கண்ணோடு ஆடுங்கள். களைத்தபோது ஓய்வு கொள்ளுங்கள். காய்கள் எங்கும் ஓடிவிடா. நாளைக் காலையிலும் அவை உங்களுக்காகக் காத்திருக்கும்.