கவிழ்த்து வைத்தால் குடிக்கலாம்!

பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பி.காம். பக்கம் ஓடி வந்தவன் நான். அந்தப் பாவம் சும்மா விடுமா? இமயமலையில், விடிகாலை நாலரை மணிக்கு, இருட்டில் வைத்துப் பழி வாங்கியது!

எனக்குச் சொந்த ஊர் போடி. நண்பனுக்குக் கம்பம். சென்னையில் இருவருக்கும் ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த மேஜை. எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீர் பாட்டிலைப் பற்றி ஒரே ஒரு கவலைதான் உண்டு - வெயிலில் சூடாகிவிடுமே என்று. அதற்கும் அம்மா வழி வைத்திருந்தார். ஈரத்துணியைச் சுற்று, ஜில்லென்று இருக்கும்.

"கொழுக்குமலைக் குளிரையே பனியனோட பார்த்தவங்க நாம. ஜனவரியில மூணாறு பக்கம் செண்டுவரையில புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்குமே, அதுல நடந்த காலு மாப்ள இது!" என்று சவடால் விட்டுத்தான் உத்தரகாண்டில் உள்ள கேதார்கந்தாவுக்குக் கிளம்பினோம். சுமார் 12,500 அடி. ஜனவரி மாதம். நண்பன் அதற்காக ஒரு வருஷம் சீட்டுக் கட்டியிருந்தான்.

சிகரம் ஏறும் நாள். "ரெண்டு பேருக்கும் தண்ணி நான் தூக்கிக்கிறேன், நீ கேமராவைப் பாத்துக்க" என்றேன், பெரிய மனசோடு. பையின் வெளிப்பக்க ஜேப்பில் இரண்டு பாட்டில்களைச் செருகினேன். ராத்திரி மூன்று மணிக்கு நடை ஆரம்பம். ஒன்றரை மணி நேரம் கழித்து, "மாப்ள, தண்ணி" என்றான்.

மூடி திருகினால் அசையவில்லை. பல்லைக் கடித்துத் திறந்தால், பாட்டில் வாயில் கார்க் மாதிரி ஐஸ் அடைத்திருக்கிறது. உள்ளே தண்ணீர் சலசலக்கிறது. கஞ்சன் வீட்டுப் பெட்டிப் பணம் போல சத்தம் கேட்கிறது, கைக்கு வரவில்லை. இரண்டாவது பாட்டிலும் அதே கதை.

"பரவால்ல, தாகமா இல்ல" என்றான். அதுதான் ஆபத்து! குளிரில் உடம்பு தண்ணீர் கேட்காது. ஆனால், வறண்ட காற்றில் விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். கீழே கிடந்த பனியை அள்ளி வாயில் போட்டான். அதை உருக்க உடம்புச் சூடுதான் செலவு. வரவு ஒரு மடக்கு, செலவு பத்து மடக்கு!

சிகரத்துக்கு ஒரு மணி நேரத் தூரம் இருக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். வழிகாட்டி தன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர்! குடித்துத் தெளிந்தான். ஆனால், "இனி மேலே வேண்டாம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார் உதவியாளர். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சிகரத்தில் நான் எடுத்த ஒரு போட்டோவில்கூட நான் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி கூடாரத்தில் வழிகாட்டி எனக்கு ட்யூஷன் எடுத்தார். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், சார்.

தண்ணீருக்குக் கனம் அதிகம் 4 டிகிரி செல்சியஸில். அதற்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். ஐஸ் மேலிருந்துதான் கட்டும். பாட்டில் நேராக நின்றால் மேலே இருப்பது வாய். அதுதான் முதலில் அடைபடும். கவிழ்த்து வைத்தால்? ஐஸ் அடிப்பக்கம் கட்டும். நிமிர்த்தினால் வாய் வழியாகத் தண்ணீர் வரும். நான் செய்தது, பற்று எழுத வேண்டிய இடத்தில் வரவு எழுதிய கதை! ஒன்று மட்டும்: மூடி ஒழுகாத பாட்டிலாக இருக்கணும்.

கிளம்பும்போதே சூடான தண்ணீர் ஊற்றுங்கள், அதைத் தாங்கும் பாட்டிலில். கழுத்து வரை நிரப்ப வேண்டாம். ஐஸானால் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும், பாட்டில் விரிசல் விடும். அகல வாய் பாட்டில் நல்லது. உலர்ந்த கம்பளி சாக்ஸுக்குள் போட்டு, பைக்குள் துணிகளுக்கு நடுவே வையுங்கள். ஒரு சின்ன பாட்டில் ஜாக்கெட்டுக்குள் இருக்கட்டும். குழாய் வைத்து உறிஞ்சும் தண்ணீர்ப் பையை நம்பாதீர்கள். முதலில் உறைவது அந்தக் குழாய்தான். ராத்திரி பாட்டிலைத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வைத்தால் தண்ணீரும் உறையாது, காலும் உறையாது. தாகம் இல்லாவிட்டாலும் அடிக்கடி இரண்டு மடக்கு குடியுங்கள்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் இதையெல்லாம் பெருமையாக அளந்தேன்.

"பாட்டிலுக்குத் துணி சுத்துன்னு சின்ன வயசுலருந்து நான் சொல்லலையாடா?"

"அது ஈரத்துணிம்மா, இது காஞ்ச சாக்ஸு!"

"துணி துணிதானடா. எதைச் சொன்னாலும் நீ செஞ்சாத்தானே?"

பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஜனவரிக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. நண்பன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கிறான்.

"கேமரா உங்கிட்ட, தண்ணி எங்கிட்ட!"