ஒரு கியூப் போதும் இடத்தில் மூன்று கியூப் எதற்கு?

முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிப்பது இப்போது மலைநாட்டிலும் வழக்கமாகிவிட்டது. அப்புத்தளையில் லிப்டன் சீட் பார்க்க வருவோரை நம்பி அறைகள் கட்டியவர்களில் பலர் வாசலுக்கும் கல் பதிக்கிறார்கள். கட்டடப் பொருள் வாங்க எனது கடைக்கு வருபவர்கள் கல்லின் நிறம், வடிவம், விலை பற்றி ஒரு மணி நேரம் விசாரிப்பார்கள். மணல் பற்றிக் கேட்டால், "பாஸ் மூணு கியூப் சொன்னார், அனுப்புங்க நானா" என்று முடித்துவிடுவார்கள். மூன்று கியூப் விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் அடுத்த மழைக்குப் பிறகு அந்த முற்றம் குழி விழும்போது, கல்லையும் மணலையும் கொடுத்தவன் என்று என்னைத்தான் தேடி வருவார்கள். ஆகவே இவ்வாரம் மணல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மணலின் வேலை என்ன?

பள்ளத்தை நிரப்புவது மணலின் வேலையல்ல. பாரத்தைத் தாங்குவது அதன் அடியில் இருக்கும் ஏபிசி கல் படுக்கை. நடமாடும் முற்றத்துக்கு அது 4 அங்குலமாவது இறுகியிருக்க வேண்டும். வாகனம் வருமென்றால் 6 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மணல் என்பது அதன்மேல் விரிக்கும் மெல்லிய மெத்தை மாத்திரமே. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அதற்கு வேலையில்லை. தடிப்பு கூடினால் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் அமுங்கி, மேற்பரப்பு அலை அலையாகிவிடும்.

ஓர் உதாரணம்

முற்றம் 25 அடி நீளம், 20 அடி அகலம் என்று வையுங்கள். பரப்பு 500 சதுர அடி. ஒன்றரை அங்குலத்தை 12ஆல் வகுத்தால் 0.125 அடி. 500ஐ அதனால் பெருக்கினால் 62.5 கன அடி. சிந்துவது, மழையில் போவது, அடித்தளத்தின் சிறு மேடு பள்ளங்கள் ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 75 கன அடி.

அடுத்து, கற்களின் இடைவெளியை நிரப்பும் மணல். 8 அங்குலத்துக்கு 4 அங்குலம், 60 மில்லிமீற்றர் தடிப்புள்ள கல்லை 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பதித்தால், இதே முற்றத்துக்கு நாலரை கன அடியளவு தேவை. சேதாரத்துடன் ஆறு என்று வைப்போம். மொத்தம் 81 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஆக, மூன்று கியூப் கேட்ட இடத்தில் ஒரு கியூப்பே மிச்சம்!

இதற்கு மேலும் மணல் வேண்டுமென்று பாஸ் சொன்னால் அடித்தளத்தைப் போய்ப் பாருங்கள். சராசரியாக ஓர் அங்குலம் பள்ளமாக இருந்தாலே இன்னும் 42 கன அடி மணலை அது விழுங்கும். அந்தப் பள்ளத்தை ஏபிசி போட்டு இறுக்கித்தான் சரிசெய்ய வேண்டும்.

எந்த மணல்?

விரிப்பதற்குப் பருமனான, கூர்மையான ஆற்று மணல் நல்லது. நமது பக்கத்துக்கு மகியங்கனையிலிருந்து மகாவலி மணல் வருகிறது. கொத்தனார் பூச்சுக்குச் சலித்த நைஸ் மணல் விரிப்புக்கு ஆகாது. மலிவு என்று கல்தூள் போடுவோரும் உண்டு. அதிலுள்ள மாவு போன்ற தூள் தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகும். தொடர் மழை பெய்யும் ஊருக்கு அது பொருந்தாது. கழுவாத கடல் மணல் என்றால் உப்பு மேலேறி, கல்லில் வெள்ளை படியும்.

சோதிப்பதற்கு ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். 5 அங்குல உயரத்துக்கு மணலிட்டு, சிறிது உப்புக் கலந்த தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் சேறு கால் அங்குலத்தைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம்.

இடைவெளிக்கு வேறு மணல். அது நன்றாகக் காய்ந்ததாக, சலித்ததாக இருக்க வேண்டும். ஈர மணலைக் கூட்டித் தள்ளினால் மேலே அடைத்துக்கொள்ளும், உள்ளே வெறுமையாக இருக்கும்.

அளந்து வாங்குங்கள்

டிப்பர் வந்ததும் பெட்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். 8 அடி, 5 அடி, இரண்டரை அடி என்றால் சரியாக ஒரு கியூப். ஏற்றிய இடத்தில் கும்பமாகத் தெரிந்த மணல் வழியில் குலுங்கி இறங்கிவிடும். ஆகவே உங்கள் வாசலில் அளப்பதே கணக்கு. ஈர மணல், காய்ந்த மணலைவிடக் கால் பங்கு வரை பருத்து நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள மணல்தானா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

மலைச்சரிவில் இருப்பவர்களுக்கு

கல் பதித்த முற்றத்தில் விழும் மழையில் பெரும்பகுதி ஓடித்தான் போகும். அது எங்கே போகிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்து, தண்ணீரைக் கானில் சேருங்கள். பக்கத்து வீட்டு மண்மேட்டிலோ உங்கள் மதிலின் பின்னாலோ விடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டமெங்கும் மண் சரிந்ததையும் கண்டவர்கள் நாம். மண்ணுக்குள் இறங்கும் தண்ணீரைச் சாதாரணமாக எடுக்க முடியாது. சுற்றிவர ஓரக்கல்லையும் கொங்கிரீட்டில் உறுதியாகப் பதியுங்கள். அது இல்லாவிட்டால் பள்ளத்துப் பக்கமாக மணல் கழுவுண்டு போய், கல்லும் பின்னால் நகரும்.

மணலை விரிக்கும்போது ஒரு அங்குல ஜிஐ குழாய்கள் இரண்டைக் கிடத்தி, அவற்றின்மேல் மட்டப்பலகையை இழுக்கச் சொல்லுங்கள். குழாயின் வெளி விட்டம் ஏறக்குறைய 34 மில்லிமீற்றர் என்பதால் தடிப்பு எங்கும் ஒரே அளவாக வரும். குழாயை எடுத்த தடத்தை மணலால் நிரப்ப வேண்டும். விரித்த மணலில் யாரும் மிதிக்கக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பு வேலையை முடிப்பது நல்லது. மூன்று கியூப்புக்கு ஒதுக்கிய பணத்தில் மிஞ்சுவதை ஏபிசிக்கும் ஓரக்கல்லுக்கும் செலவழியுங்கள். முதல் மழைக்குப் பிறகு இடைவெளிகளைப் பார்த்து, மணல் இறங்கிய இடங்களில் காய்ந்த மணலை மீண்டும் கூட்டி விடுங்கள். அதற்காக ஒரு மூட்டை காய்ந்த மணலை நனையாத இடத்தில் எடுத்துவைத்தால் போதும்.