மேடு ஏறும் சக்கரங்கள் – 9: ‘லாக்’ என்றால் லாக்தானா?

டிரான்ஸ்ஃபர் கேஸைப் போன வாரம் பார்த்து முடித்தோம். அதில் ஒரு குறையும் இல்லை, லிவரும் ஃபோர் வீலில் சரியாக விழுகிறது. ஆனாலும் சேற்றில் பின்சக்கரங்கள் மட்டுமே வீணாகச் சுற்றுகின்றன என்றால், அடுத்துப் பார்க்கவேண்டியவை முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் லாக்கிங் ஹப்புகள்.

1979-இல் வந்த ஃபோர் வீல் டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். சாதாரண ரோட்டில் முன்சக்கரம் தன்னோடு ஆக்சில், கிரவுன், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துச் சுற்றினால் தேய்மானமும் டீசல் செலவும்தான் மிச்சம். அதைத் தவிர்க்கவே இந்த ஹப்புகள். போருக்குப் பிறகு விற்பனைக்கு வந்த ராணுவ ஜீப்புகளை ரோட்டில் ஓட்ட ஏதுவாக, ஆர்தர் வார்ன் என்பவர் 1948-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கினார். ஹப்பின் டயலை ‘லாக்’ பக்கம் திருப்பினால், உள்ளே ஸ்பிரிங் தள்ளும் ஒரு பல்வளையம் நகர்ந்து, ஆக்சிலையும் சக்கரத்தையும் பிணைக்கும். ‘ஃப்ரீ’யில் வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

டயலில் இருக்கும் எழுத்தை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். டயல் ‘லாக்’ என்று காட்டும்போதே உள்ளே வளையம் பாதி வழியில் சிக்கி நிற்கலாம். இரண்டு ஹப்புகளில் ஒன்று பிடிக்காவிட்டாலும் முன்பக்கம் முழுவதும் செத்துவிடும். சாதாரண டிஃபரன்ஷியல், தடையில்லாத பக்கத்துக்கே சுற்றைக் கொடுத்துவிடும். பிடிக்காத பக்கத்தில் ஆக்சில் உள்ளே சும்மா சுழலும், நன்றாக இருக்கும் பக்கத்துச் சக்கரம் அசையாமல் நிற்கும். அதனால் ‘ஒரு பக்கம்தானே’ என்று ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். இன்ஜினை நிறுத்தி, லிவரை ஃபோர் வீலிலும் வண்டியை கியரிலும் போட்டு, இரண்டு ஹப்புகளையும் லாக் செய்யுங்கள். வலது சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றினால் இடது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றவேண்டும். அது அசையவில்லையா? கையில் கனமே தெரியாமல் சுற்றும் பக்கம்தான் குற்றவாளி.

ஓடும்போது ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் இன்னொரு குழப்பம். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் வந்தால் ஆக்சில் ஜாயின்டைச் சந்தேகியுங்கள். நேராகப் போகும்போதும் இழுவை ஏற ஏற வந்தால், ஹப்பின் பல் வழுக்குகிறது.

டயல் இறுகிக்கொண்டால் கட்டிங் பிளேயரைத் தொடவே வேண்டாம். உள்ளே இறுக்கம் ஏறியிருக்கும், வண்டியை நேராகக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அப்போதும் திரும்பாவிட்டால் கழற்றத்தான் வேண்டும். கவரைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகள் எளிதில் வரும். அடுத்து, ஆக்சில் நுனியில் இருக்கும் சர்க்ளிப்பை எடுக்கவேண்டும். ஹப் உடலைப் பிடித்திருக்கும் கூம்பு வாஷர்களே பொறுமையைச் சோதிக்கும். நட்டை முழுவதும் கழற்றாமல் ஸ்டட்டின் நுனிவரை தளர்த்திவைத்து, பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டுங்கள். அதிர்ச்சியில் வாஷர் தானே வெளியே வரும், மரையும் சேதமாகாது.

திறந்ததும் கிரீஸைப் பாருங்கள். காய்ந்து மெழுகாகியிருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, பல்லையும் ஸ்பிரிங்கையும் ஆராயுங்கள். துரு இருந்தால் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. கிரீஸ் நீர்த்துப்போய் கியர் ஆயில் வாடை அடித்தால், ஆக்சிலின் உள் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் ஹப்பை மட்டும் சுத்தம் செய்வது வீண் வேலை. திரும்பப் பூட்டும்போது கிரீஸை அள்ளி அடைப்பதும் பெரிய தவறு. பேரிங்குக்குத்தான் நிறைய வேண்டும், ஹப்புக்குள் மெல்லிய பூச்சே போதும். கெட்டியான கிரீஸ் அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங்கால் வளையத்தைத் தள்ள முடியாது. கவரை மாட்டும்போது டயல் ‘ஃப்ரீ’யிலேயே இருக்கட்டும். அதன் நாக்குகளை ஹப் உடலில் பல் இல்லாத இடங்களுக்கு நேராக வைத்து உட்காரவையுங்கள். கவர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். அதற்கு மேல் இறுக்கினால் மரை போய்விடும்.

வேலை முடிந்ததும் வண்டியை இறக்கும் முன் முதலில் செய்த சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள். மாதம் ஒரு தடவையாவது லிவரை டூ வீலில் வைத்தபடியே ஹப்புகளை லாக் செய்து சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். முன் கிரவுனில் ஆயில் பரவும்.

அடுத்த வாரம், ஹப்புக்குப் பின்னால் பேரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு 54 மி.மீ. நட்டுகளைக் கழற்றுவோம்.