பெருங்கணினியில் லினக்ஸ்: இணைப்பு அறுந்தால் எங்கே தேடுவது?

உடுவிலிலிருந்து கடல் கடந்து சென்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் வங்கிகளின் கணினிப் பிரிவுகளிலே உத்தியோகம் பார்ப்போர், ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வரும்போது, தாங்கள் பராமரிப்பது ‘மெயின்பிரேம்’ என்னும் பெருங்கணினி என்று சொன்னால், கேட்டிருப்போர் அதனை அரும்பொருட்சாலைக்குப் போகவேண்டிய பழைய யந்திரம் என்றே எண்ணிக்கொள்கின்றனர். அவ்வெண்ணம் தவறு. உலகத்தின் பெரிய வங்கிகளும் காப்புறுதித் தாபனங்களும் பல, தம் கணக்குகளை இன்றும் அவ்யந்திரங்களிடமே ஒப்படைத்திருக்கின்றன. அவற்றின் வயிற்றுக்குள்ளே லினக்ஸும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த லினக்ஸ் வெளியுலகத்தோடு பேசும் வாயில் அடைபட்டுப்போனால் அதனை எவ்வாறு திறப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். கடினமான பொருள்தான், ஆயினும், அயலூராகிய மானிப்பாயிலே டாக்டர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு வைத்திய சாத்திரத்தைத் தமிழிலே கற்பித்துக் காட்டிய பின்பு, ஒரு கணினிக் கோளாற்றைத் தமிழில் விளக்க முடியாதென்று இப்பகுதியில் இருந்துகொண்டு ஒருவர் சொல்லுதல் நியாயமன்று.

ஐ.பி.எம். தாபனம் ‘சிஸ்டம்/360’ என்னும் கணினிக் குடும்பத்தை 1964 ஏப்ரல் 7ஆம் திகதி அறிவித்தது. அதன் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த 370/155 ஒன்று, ஜேர்மானிய அரசின் உதவியோடு, 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யிலே நிறுவப்பட்டது; தமிழ்நாட்டு மாணவர் பலர் துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கையிலேந்திச் சென்று நிரல் எழுதப் பழகியது அதனிடந்தான். இக்குடும்பத்தின் விசேட இலட்சணம் ஒன்று உண்டு. மத்திய செயலி எண்களைக் கணிப்பதோடு நின்றுகொள்ளும். வட்டிலிருந்து படிப்பதும் வலையமைப்புக்கு எழுதுவதுமாகிய வெளிவேலைகளைச் ‘சனல்’ எனப்படும் தனி உறுப்புகள் ஏற்றுக்கொள்ளும். சனலுக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு சாதனமும் ஓர் எண்ணாலே அறியப்படும். அந்த எண்ணை யந்திரத்தின் உள்ளமைப்புப் பட்டியலிலே முன்கூட்டியே பதிந்து வைத்தாலன்றி, சாதனம் கண்ணெதிரே செருகப்பட்டிருந்தாலும் இல்லாததற்குச் சமானமே.

லினக்ஸோ வேறொரு வீட்டிற் பிறந்த பிள்ளை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் மேசைக் கணினிக்கென்று எழுதியது அது. அதற்குச் சனலும் தெரியாது, பட்டியலும் தெரியாது. அதனைப் பெருங்கணினிக்குக் கொண்டுவரும் முயற்சி 1998இல் லினாஸ் வெப்ஸ்தாஸ் என்பவர் தொடங்கிய ‘பிக்பூட்’ என்னும் தன்னார்வப் பணியாக ஒரு பக்கமும், ஜேர்மனியில் பேப்லிங்கன் நகரத்து ஐ.பி.எம். ஆய்வுகூடத்திலே அமைதியாக மற்றொரு பக்கமும் நடந்தது. 1999 டிசம்பரில் பேப்லிங்கன் குழுவினர் தம் பணியை வெளியிட்டனர். நியூயோர்க் மாநிலத்து மாரிஸ்ட் கல்லூரி அதனை விநியோகிக்கும் நிலையமாயிற்று. சில மாதங்களுள் டேவிட் பாய்ஸ் என்னும் நிபுணர், ஒரு யந்திரத்தைப் பல யந்திரங்களாகப் பகுத்துக் காட்டுவதும் ‘இசட்/வி.எம்.’ என இன்று வழங்குவதுமான மென்பொருளுக்கு முன்னோடியான ‘வி.எம்.’மின் துணையோடு, ஒரே பெருங்கணினியின் ஒரு பகுதிக்குள் 41,400 லினக்ஸ்களை ஏககாலத்தில் எழுப்பிக் காட்டினார். அது வேடிக்கைப் பரிசோதனையே. ஆயினும் நூறு கணினிகளை ஒன்றுக்குள் அடக்கலாம் என்னும் நம்பிக்கையைத் தொழில் உலகுக்குத் தந்தது அதுவே.

நூறு லினக்ஸ் இருந்தால் நூறு வலையமைப்பு அட்டைகள் இருப்பதில்லை. ‘ஓ.எஸ்.ஏ.’ எனப்படும் ஒரு சில அட்டைகளை அனைத்தும் பகிர்ந்துகொள்ளுகின்றன. எங்கள் செம்மண் தோட்டங்களிலே ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் அனுபவிப்பதும், இன்னாருக்கு இத்தனை பங்கு, இந்த வாய்க்கால் வழியாக நீர் செல்லவேண்டும் என்று காணி உறுதியிலே எழுதிவைப்பதும் யாழ்ப்பாணத்தார் அறிந்தவையே. அக்கிணற்றிலே நீர் வரவில்லையென்றால் முதலிற் பழிக்கப்படுவது இறைப்பு யந்திரம். ஆராய்ந்து பார்த்தால் குற்றம் பெரும்பாலும் உறுதியிலோ முறைநாளிலோ அடுத்த பங்காளி அடைத்த வாய்க்காலிலோதான் இருக்கும். பெருங்கணினி லினக்ஸிலே அவ்வாறு அநியாயமாகப் பழி சுமப்பது ‘டிரைவர்’ எனப்படும் சாதன இயக்கி. லினக்ஸுக்கும் அட்டைக்கும் நடுவே நின்று ஒன்றன் பேச்சை மற்றொன்றுக்கு எடுத்துச் சொல்லும் இச்சிறு நிரலே பிழைச்செய்தியையும் எழுதுகிறது. செய்தி சொன்னவனே குற்றவாளி என்று முடிவுகட்டிப் புதிய பதிப்பைத் தேடி ஓடுவது பழகாதவர்களின் முதற் காரியம். பெரும்பாலும் அது வீண் ஓட்டமென்பதே என் அபிப்பிராயம்.

ஓ.எஸ்.ஏ. அட்டைக்குரிய இயக்கியின் பெயர் ‘கியூஎத்’. ஒரே ஒரு வலையமைப்பு இணைப்பை உண்டாக்க அது மூன்று சாதன எண்களைக் கேட்கும்: படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. முதலாவது இரட்டை எண்ணாகவும் இரண்டாவது அதற்கு அடுத்ததாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் சம்பிரதாயம். 0600, 0601, 0602 என்று வைத்துக்கொள்வோம். இம்மூன்றையும் ஒரு குழுவாகக் கட்டி, அக்குழுவை ‘ஒன்லைன்’ நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே லினக்ஸுக்கு ஓர் இடைமுகம் பிறக்கும். மேசைக் கணினியிலே கம்பியைச் செருகியதும் தானாக நடப்பது இங்கே படிப்படியாக நடக்கிறது. ஆகவே அது எந்தப் படியில் நின்றுபோயிற்று என்று கண்டுகொள்வதே கோளாறு தேடும் வித்தையில் முக்காற்பங்கு.

அடிப்படியிலிருந்து தொடங்கவேண்டும். ‘எல்.எஸ்.சி.எஸ்.எஸ்.’ என்னும் கட்டளை, லினக்ஸின் கண்ணுக்குத் தெரியும் சாதனங்கள் யாவற்றையும் எண்ணோடு வரிசைப்படுத்தும். 0600 அங்கே இல்லையென்றால் இயக்கியைத் தொடுவதில் அர்த்தமேயில்லை. அது அறியாத ஒன்றை எவ்வாறு இயக்கும்? உள்ளமைப்புப் பட்டியலிலே எண் பதியப்பட்டதா, இந்த லினக்ஸுக்கு உரியதாக்கப்பட்டதா என்று யந்திரத்தின் பொறுப்பாளரைக் கேட்கவேண்டும். இங்கே ஒரு சூழ்ச்சியும் உண்டு. ஆயிரக்கணக்கான சாதனங்களை விழிக்கும்போதெல்லாம் தட்டிப் பார்த்துக் காலத்தை வீணாக்காதிருக்கும்பொருட்டு, ‘இவற்றைப் பாராதே’ என்று லினக்ஸுக்கே சொல்லிவைக்கும் ‘சி.ஐ.ஓ. இக்னோர்’ என்னும் விலக்குப் பட்டியல் ஒன்றிருக்கிறது. சில லினக்ஸ் விநியோகங்கள், நிறுவும்போதே, அவசியமானவை தவிர மற்றெல்லாவற்றையும் அப்பட்டியலிலே தள்ளிவிடுகின்றன. பொறுப்பாளர் ‘கொடுத்துவிட்டேன்’ என்று சத்தியம் செய்ய, லினக்ஸ் நிர்வாகி ‘வரவில்லை’ என்று சாதிக்க, இருவர் சொல்லும் உண்மையாயிருப்பது இதனாலேதான்.

சாதனம் தெரிகிறது, குழு கட்டியாயிற்று, ஆனால் ஒன்லைன் ஆக மறுக்கிறது என்றால், விவகாரம் பங்காளிகளுக்கிடையிலான உடன்பாட்டுக்கு வந்துவிடுகிறது. பழைய அட்டைகளிலே ‘போர்ட் நேம்’ என்னும் ஒரு பெயர் வழக்கிலிருந்தது. ஒரே அட்டையைப் பகிரும் அமைப்புகள் அனைத்தும், எட்டெழுத்துக்கு மேற்படாத அப்பெயரை, பெரிய எழுத்துச் சின்ன எழுத்து என்னும் வேற்றுமை கூடப் பிசகாமல், ஒன்றுபோலவே சொல்லவேண்டும். முந்தி வந்தவன் சொன்ன பெயரே பிரமாணம், பிந்தி வந்தவன் வேறு பெயர் சொன்னால் வாயில் திறவாது. பின்வந்த அட்டைகள் இந்த நிபந்தனையைக் கைவிட்டன. அதற்காக எவரும் துக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இசட்/வி.எம்.மின் கீழ் வாழும் லினக்ஸ்களுக்கு மற்றொரு சோதனை உண்டு. 2003இலிருந்து அவை நேராக அட்டையைத் தொடாமல், ‘வி.சுவிட்ச்’ என்னும் கற்பிதச் சந்தியின் ஊடாகப் போகலாம். ஆனால் இன்ன பெயருடைய விருந்தாளி லினக்ஸுக்கு அனுமதி என்று ‘கிராண்ட்’ கட்டளை இட்டிருக்கவேண்டும். அனுமதி இல்லாதவனுடைய கம்பி சந்தியிலே சேராது; இயக்கியைப் பத்துத் தடவை மாற்றினாலும் சேராது.

இடைமுகம் பிறந்துவிட்டது, ஆயினும் பேச்சு நடக்கவில்லை என்பதே எல்லாவற்றிலும் நுட்பமான நிலை. கியூஎத் இரு விதமாக ஓடும்; அவ்விதங்களுக்கு ‘லேயர் 2’, ‘லேயர் 3’, அதாவது இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று பெயர். மூன்றாம் அடுக்கு முறையிலே, லினக்ஸின் ஐ.பி. முகவரியை அட்டையே பதிந்து வைத்துக்கொள்கிறது, ‘இம்முகவரி யாருடையது?’ என்று வலையமைப்பிலே எழும் கேள்விக்கு லினக்ஸைக் கேளாமல் அட்டையே விடை கூறுகிறது. வரும் தரவுப் பொட்டலத்தின் முகவுறையையும் கழற்றிவிட்டு உள்ளீட்டை மாத்திரம் கொடுக்கிறது. வேகத்துக்கு அது நல்லதே. ஆனால் அந்த உறையைப் பார்த்தே பிழைக்கும் நிரல்கள் சில உள்ளன. முகவரியைத் தானாக வாங்கித்தரும் டி.எச்.சி.பி.யும், போக்குவரத்தை உளவு பார்க்கும் ‘டிசிபிடம்ப்’பும் அத்தகையவை, அவை தடுமாறும்போது கியூஎத் பழுது என்று கூக்குரல் எழும். பழைய பதிப்புகளிலே ‘பேக் எல்.எல்.’ என்னும் ஒரு குறிப்பை இட்டால் இயக்கி பொய்யுறை ஒன்றைச் சுற்றிக் கொடுத்து நிலைமையைச் சமாளித்தது; இரண்டாம் அடுக்குக்கு மாறிவிடுவது அதனிலும் உத்தமம். மாற்றத்தை இணைப்பை ஒன்லைன் ஆக்குமுன்னரே செய்யவேண்டும் என்பதை மறந்தவர்களே, ‘மாற்றினேன், மாறவில்லை’ என்று முறையிடுவோர்.

‘பிங்’ போகிறது, உள்நுழைவும் நடக்கிறது, பெரிய கோப்பை அனுப்பினால் மாத்திரம் பாதியில் உறைந்துவிடுகிறது என்றால், மறு யோசனையின்றிப் பொட்டலத்தின் உச்ச அளவைப் பார்க்கவேண்டும். ஒருபுறம் 8992 பைட் என்று வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள சந்தி 1500க்கு மேல் ஏற்காதிருந்தால், சிறியவை தப்பிப் பெரியவை மடியும்.

இத்தனையும் பார்த்த பின்னரும் மர்மம் தெளியாவிட்டால், அப்பொழுதுதான் இயக்கியின் அந்தரங்கத்தைத் திறக்கவேண்டும். இப்பெருங்கணினிகளின் லினக்ஸுக்கே உரிய ‘எஸ்390டிபிஎப்’ என்னும் வசதி, இயக்கி தான் செய்த காரியங்களை நினைவகத்திலே வட்டமாக எழுதிக்கொண்டே போகும்படி செய்கிறது. எவ்வளவு விரிவாக எழுதவேண்டும் என்பதை 0 முதல் 6 வரை ஓர் எண்ணாலே நிர்ணயிக்கலாம். அட்டைக்கு எந்தக் கட்டளை போயிற்று, அட்டை எந்தக் குறியீட்டோடு மறுத்தது என்பது அங்கே கிடைக்கும். கோளாறு நிகழ்ந்த உடனே அதனைப் பிரதி செய்துகொள்ளாமல் யந்திரத்தை மறுபடி எழுப்பிவிட்டால் சாட்சியம் அழிந்துபோம். அவசரக்காரருக்கு இது எத்தனை தடவை சொன்னாலும் ஏறுவதில்லை.

இயக்கி எழுதிய அக்குறிப்பை அதன் மூலநிரலோடு ஒப்பிட்டு வாசித்தல் இன்று எளிது; எனினும் வெகு காலம் அது எளிதாயிருக்கவில்லை. தொடக்க ஆண்டுகளிலே ஐ.பி.எம்., லினக்ஸின் பெரும்பகுதியைத் திறந்து தந்தும், கியூஎத் போன்ற வலையமைப்பு இயக்கிகளை மூலநிரல் மறைத்து, இயந்திரக் குறியீட்டு வடிவிலேயே கொடுத்துவந்தது. அட்டையின் உள்ளிரகசியம் வெளிப்படுமே என்னும் அச்சம் காரணமாயிருக்கலாம். ‘கெர்னல்’ எனப்படும் லினக்ஸின் கருநிரலிலே ஒரு சிறு திருத்தம் செய்தவன்கூட, அதற்குப் பொருந்திய மூடிய இயக்கி வரும்வரை காத்திருக்கவேண்டியவனானான்; பிழை எங்கே என்று கண்டவனுக்கும் அதனைத் திருத்த உரிமையில்லை. 2003ஆம் ஆண்டளவில் கியூஎத்தின் மூலநிரல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6இலே அது எவரும் வாசிக்கக்கூடிய கோப்பாக இடம்பெற்றது. இத்துறையிலே செய்யப்பட்ட சீர்திருத்தங்களுள் இதனையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். பழி சுமந்த இயக்கி, தன் கணக்கைத் தானே காட்டித் தான் நிரபராதி என்று நிரூபிக்க இயன்றது அதன் பின்புதான்.

பெருங்கணினியைக் கண்ணாற் காணாத ஊரிலிருந்து இவற்றை எவ்வாறு பழகுவது என்று மாணவர் கேட்கலாம். ரோஜர் பௌலர் என்பவர் 1999இல் வெளியிட்ட ‘ஹெர்குலிஸ்’ என்னும் இலவச மென்பொருள், சாதாரண மடிக்கணினிக்குள்ளே அப்பெருங்கணினியைப் பாவனை செய்து காட்டும். டெபியன் லினக்ஸின் எஸ்390எக்ஸ் பதிப்பும் இலவசமே. சாதன இயக்கிகளைப் பற்றி ஐ.பி.எம். வெளியிடும் பெரிய கைந்நூலும் காசின்றிக் கிடைக்கிறது. கியூஎத்தோடு தொடங்கவேண்டாம், இரண்டே சாதன எண்களோடு அமையும் ‘சி.டி.சி.’ அல்லது ‘எல்.சி.எஸ்.’ இணைப்பு ஒன்றை முதலிலே நிறுவி, வேண்டுமென்றே ஓர் எண்ணைப் பிசகாக எழுதி, என்ன பிழைச்செய்தி வருகிறது என்று பாருங்கள்.